நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்த ஓர் இளைஞனைச் சமீபத்தில் இழந்தோம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடும் பழக்கத்திலிருந்து மீண்டு, ஏறக்குறைய ஒரு வருடமாக நாக்குக்கு அடியில் புப்ரனார்ஃபின் என்ற மாத்திரை வைக்கும் சிகிச்சையில் இருந்தவன். ஒழுங்காக வேலைக்குப் போனான், சம்பளத்தை வீட்டில் கொடுத்தான். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். "இன்னும் மாத்திரை போடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று பெரியவர்கள் கூடிப் பேசி, மாத்திரையை நிறுத்தி, ஒரு மாதம் வெளியூரில் உறவினர் வீட்டில் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பிய சில நாட்களில் பழைய கூட்டாளிகளைப் பார்த்தான். பழைய அளவையே எடுத்தான். விடிந்தபோது மூச்சு இல்லை.

இப்படி நடப்பது முதல் முறையாக இருந்திருந்தால் விதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முதல் முறையல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, மருந்தாளுநர். ஒரு மாத்திரை கரைய எவ்வளவு நேரமாகும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துகொண்டிருந்தவன். மருந்துக் கடைகளில் வலி மாத்திரைகள் எப்படிக் கைமாறுகின்றன என்ற ஆய்வுக்காக வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கியபோதுதான் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். பிறகு வேலையே இதுவாகிவிட்டது: காலையில் சிகிச்சை மையம், மாலையில் ஆய்வு, அவ்வப்போது அதிகாரிகளின் கூட்டங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் காத்திருக்கிறது. தாய் கேட்கிறார், காவலர் கேட்கிறார், கூட்டத்தில் தலைமை நாற்காலியில் இருப்பவரும் கேட்கிறார்: "ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையைத்தானே கொடுக்கிறீர்கள்?"

இல்லை. பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊசிக்குப் பழகியவனின் நாள் எப்படிப் போகிறது என்று அவனையே கேட்டுப் பாருங்கள். கண் விழிக்கும்போதே கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகும், மயிர் சிலிர்க்கும், கால் குடையும், வயிறு பிடுங்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அவன் தேடுவது சுகத்தை அல்ல. குடைச்சல் நின்றால் போதும் என்றுதான் ஓடுகிறான். அடுத்த ஊசி போட்டதும் சில மணி நேரம் அடங்கும், மறுபடி அதே ஓட்டம். தாயின் தாலி அடகுக்குப் போவதும், வேலை போவதும், கையில் சீழ் பிடிப்பதும் இந்த ஓட்டத்தில்தான்.

நாங்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரனார்ஃபின் அந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. சரியான அளவில் கொடுத்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் அதன் வேகம் அதற்கேற்ப ஏறாது. ஆகவே மூச்சை நிறுத்தும் ஆபத்து மற்ற ஓபியாய்டுகளைவிட, அதாவது அபின் வகை மருந்துகளைவிட, மிகவும் குறைவு. பழகியவனுக்கு அதில் மிதப்பு இல்லை. மாத்திரையை வைத்துக்கொண்ட பையன் நேராக மீன் ஏலத்துக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறான். இதைப் போதை என்று சொல்பவர்கள் ஒரு நாள் காலையில் மையத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2005லேயே புப்ரனார்ஃபினையும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே இவற்றை இலவசமாகக் கொடுக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் பாருங்கள். மெத்தடோன் சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 36 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் 11 பேர். புப்ரனார்ஃபினிலும் சிகிச்சையில் இருந்தவர்களின் இறப்பு பாதிக்கு மேல் குறைவு. மெத்தடோனை நிறுத்திய முதல் நான்கு வாரங்கள்தான் மிகவும் ஆபத்தான காலம் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்தக் காலத்தைத்தான் நம் வீடுகளில் "உடம்பு சுத்தமாகிவிட்டது" என்று கொண்டாடுகிறோம்.

உடம்பு சுத்தமாகவில்லை; தாங்கும் சக்தியை இழந்திருக்கிறது. இரண்டும் வேறு. நேற்றுவரை அவன் தாங்கிய அளவு, ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு அவனைக் கொல்லப் போதுமானது. ஆனால் மூளையில் ஏக்கம் அப்படியே இருக்கிறது. அடைத்து வைத்துவிட்டு வெளியே விடும் மறுவாழ்வு இல்லங்களிலும், சிறையிலிருந்து வெளிவருபவர்களிடமும் இதையேதான் பார்க்கிறோம். சிகிச்சையை என்றுமே நிறுத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. நிலைப்பட்ட பிறகு, அவனே விரும்பும்போது, மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் அளவைக் குறைத்து நிறுத்தலாம். கல்யாணத் தேதியை வைத்து நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு வருடக்கணக்காக மாத்திரை போடும் அம்மாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே.

ஊசி போடும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. டால்க், ஸ்டார்ச், செல்லுலோஸ், மேலே பூச்சு என்று எத்தனையோ சேர்த்துத்தான் அழுத்துகிறார்கள். அவற்றில் பல தண்ணீரில் கரையாதவை. வடிகட்டியதாக நீங்கள் நினைக்கும் நீரை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். துகள் துகளாக மிதந்தது. அது இரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். விரல்கள் கறுத்து வந்த பையன்களின் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஊசியைப் பகிர்ந்தவர்கள் எச்ஐவியோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஹெபடைடிஸ் சிக்குச் சிகிச்சை இலவசம், பெரும்பாலோர் 12 வாரத்தில் முழுதாகக் குணமாகிறார்கள்.

கொள்கை வகுப்பவர்களிடம் கேட்கவும் எனக்கு ஒன்று உண்டு. தினமும் மையத்துக்கு வந்து எங்கள் கண்முன் மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முறை, கடலுக்குப் போகிறவனுக்கு ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும், எங்கள் வருகைப் பதிவேடு நிரம்பியிருக்கும். தடை முடிந்து படகுகள் கிளம்பியதும் பெயர்களுக்கு நேரே வெற்றிடம் விழும். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டுக்கு மாத்திரை கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள், கொடுத்தோம். நிலைப்பட்டவர்களுக்கு அதை நிரந்தரமாக, தாராளமாக நடைமுறைப்படுத்துங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போதைக்காகக் கரைத்துப் போடும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை, மருத்துவர் சீட்டு இல்லாமலே சில கடைகளில் கிடைக்கிறது. அதிலிருந்து மீட்கும் மாத்திரைக்குத்தான் இத்தனை கெடுபிடி. என் சக மருந்தாளுநர்களே, நமக்குத் தெரியாமல் ஓர் அட்டைகூடக் கடையை விட்டுப் போவதில்லை. பெட்டி பெட்டியாக வாங்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், தயவுசெய்து.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு: மாத்திரையை விழுங்காதீர்கள், விழுங்கினால் பெரும்பகுதி வீண். கரையும்வரை பேசாமல், தண்ணீர் குடிக்காமல் இருங்கள். கரைந்த பிறகு வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். இல்லையென்றால் பல் கெடும். முதல் மாத்திரையை எப்போது வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். ஊசி போட்ட கையோடு வைத்தால் குடைச்சல் பல மடங்காகத் திரும்பும், பிறகு மருந்தைத் திட்டாதீர்கள். மதுவோடும் நைட்ரஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளோடும் சேர்க்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

வீட்டில் யாராவது எழுப்பியும் எழாமல், குறட்டை விட்டு விட்டு வந்து, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி புள்ளியாகச் சுருங்கிக் கிடந்தால் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. என்ன போட்டான் என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் போதையை முறிக்கும் மருந்து நலாக்ஸோன். மூக்கில் பீய்ச்சும் வகையைச் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்காவில் 2023லேயே அனுமதித்துவிட்டார்கள். நம் தெருக்களில் 108ஐத்தான் நம்பியிருக்கிறோம்.

போலீஸுக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் நிறைய. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சையை மேற்கொள்பவருக்கு, சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14446க்குக் கட்டணமின்றிப் பேசலாம். பையனைத் திட்டிக்கொண்டே இழுத்து வராதீர்கள் அம்மா. கூடவே வாருங்கள், அவன் போடும் மாத்திரையின் காலி அட்டை ஒன்றையும் எடுத்து வாருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும்.