மணல் தீவில் ஏரி எப்படி நிற்கிறது?

மணல்மேட்டில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் சற்று நேரத்தில் சுவடில்லாமல் இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை ஒட்டி, 120 கி.மீ.க்கும் அதிகமாக நீண்டு கிடக்கும் கர்ரி தீவு ஏறக்குறைய முழுக்க மணல்தான். அதன் குன்றுகளுக்கு இடையே, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நாற்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிற்கின்றன. பயணிகள் அதிகம் போகும் பூரங்கூரா ஏரி (மெக்கென்சி ஏரி) கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2023 வரை வரைபடங்களில் இந்தத் தீவுக்கு ஃபிரேசர் தீவு என்று பெயர். பட்சலா என்ற ஆதிகுடி மக்களின் மண். இங்கே எங்கே குளிக்கலாம், எப்போது வண்டி ஓட்டலாம் என்பதற்கெல்லாம் விடை, மணலுக்குள் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த மணல் தெற்கே நியூ சவுத் வேல்ஸ் ஆறுகள் கடலில் கொட்டியது. அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால் மணல் ஆண்டுக்காண்டு வடக்கே நகர்ந்து, கிழக்குக் கரையின் சில எரிமலைப் பாறை முனைகளைப் பிடிமானமாகக் கொண்டு குவிந்தது. காற்று அதைக் குன்றுகளாக அடுக்கியது. மிக உயர்ந்தது 240 மீட்டரைத் தாண்டும்.

குன்றுகளுக்கு நடுவே காற்று மணலை வாரிக்கொண்டு போன இடம் பள்ளமாகிறது. பள்ளத்தில் இலை, சருகு, பட்டை விழுந்து மக்குகிறது. மக்கிய கரிமப் பொருள் மழைநீரோடு இறங்கும்போது, மணற்பருக்கையின் மேல் படிந்திருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக் கூட்டிச் செல்கிறது. கொஞ்சம் ஆழத்தில் இவை மூன்றும் சேர்ந்து படிந்து, பருக்கைகளுக்கு இடையிலான துளைகளை அடைக்கின்றன. நாளடைவில் அது தண்ணீர் எளிதில் கசியாத கெட்டித் தட்டாக இறுகுகிறது. பெய்யும் மழை அதன்மேல் தேங்குகிறது. தட்டு உடைந்தால் ஏரியும் கீழே இறங்கிவிடும். ஏரிக்கரையில் தோண்டக் கூடாது என்பது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல.

இதே வகைக் கெட்டி மணலைக் கிழக்குக் கடற்கரையிலேயே பார்க்கலாம். பொயுங்கன், யிட்னி ஆகிய இடங்களில் கரும்பழுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும் இதை உள்ளூரில் காப்பிப் பாறை என்கிறார்கள். மேலே மணல் மூடியிருக்கிறதே என்று அதன்மேல் வண்டியை ஏற்றுபவர்கள் டயரைக் கிழித்துக்கொள்கிறார்கள். அதற்காகவே உள்பக்கமாகச் சுற்றுவழி போட்டிருக்கிறார்கள்.

பூரங்கூராவுக்கு ஓடை வரத்தும் இல்லை, வெளியேறும் கால்வாயும் இல்லை. வருவது மழை மட்டும். போவது பெரும்பாலும் ஆவியாக. தண்ணீரில் உப்பும் தாதுவும் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம், அதனால் பாசியும் மீனும் சொற்பம். கண்ணாடித் தெளிவுக்கு அந்த வறுமைதான் காரணம். தெற்கே உள்ள பூமன்ஜின் ஏரி இதற்கு எதிர்மாறு: சதுப்புக்காடுகள் வழியாக வரும் ஓடைகள் தாவரச் சாயத்தைக் கொண்டுவந்து கலப்பதால் தேநீர் நிறம். அதுவும் சுத்தமான தண்ணீர்தான். சுமார் 200 ஹெக்டேர் பரப்புள்ள அது, தட்டின்மேல் தேங்கும் இவ்வகை ஏரிகளில் உலகிலேயே பெரியது. கூட்டமில்லாமல் நீந்த விரும்புபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வெளியேறும் வழி இல்லாத ஏரியில் நாம் விடுவது அங்கேயே தங்கும். சன்ஸ்கிரீன் எண்ணெய் படலமாக மிதக்கும். சோப்பும் சிறுநீரும் பாசிக்கு உரமாகும். ‘மட்கும் சோப்பு’ என்று எழுதியிருந்தாலும் கூடாது. மட்கும்போது வெளிவரும் சத்துதான் தொல்லை. நீளக் கை வைத்த நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் சன்ஸ்கிரீன் பெரும்பகுதி தேவைப்படாது. கழிவறைக்குப் போய்விட்டு இறங்குங்கள். சாப்பாட்டை வேலியிட்ட இடத்திலேயே முடித்துவிடுங்கள். தீவில் டிங்கோ நாய்கள் உண்டு. அவை எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, முதுகு காட்டவும் கூடாது. முகம் பார்த்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். குழந்தைகள் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வாபி ஏரி வேறு ரகம். அங்கே பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்தையே தொட்டுவிட்டது. கூடவே நகரும் மணற்குன்று ஒன்று நீரோட்டத்தை அணைபோல் மறித்திருக்கிறது. அதனால் ஆழமும் அதிகம், மீன் வகையும் மற்ற ஏரிகளைவிட அதிகம். குன்று இன்னும் ஏரிக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் செங்குத்துச் சரிவிலிருந்து ஓடிவந்து தலைகீழாகப் பாய்ந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. சரிவு தண்ணீருக்குள்ளும் தொடர்வதால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

தட்டில்லாத இடங்களில் மழை நேராக ஆழத்துக்குப் போகிறது. நன்னீர் கடல்நீரைவிட லேசானது (ஒரு லிட்டருக்குச் சுமார் 25 கிராம் வித்தியாசம்). அதனால் தீவுக்கடியில் உப்புநீரின் மேல் நன்னீர் மிதக்கிறது: நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் இதே கணக்கில்தான் வாழ்கின்றன, அங்கே மணலுக்குப் பதில் சுண்ணாம்புக்கல். கர்ரியில் இந்தச் சேமிப்பு ஓரங்களில் வழிகிறது. கிழக்குக் கரையின் ஈலை ஓடை மணிக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் நன்னீரைக் கடலில் விடுகிறது. மரப்பாதையில் மேலே நடந்து போய் ஓடையில் இறங்கி, மிதந்தபடி கரைக்கு வரலாம். கடலில் மட்டும் இறங்காதீர்கள். இழுவை நீரோட்டம், சுறா இரண்டும் உண்டு, உயிர்காப்பாளர் கிடையாது.

வண்டி ஓட்டுவதிலும் இதே தண்ணீர்க் கணக்குதான். காய்ந்த மணலில் பருக்கைகளுக்குள் பிடிமானம் இல்லை. முழுக்க ஊறிய மணலிலும் இல்லை, ஏனென்றால் இடைவெளி பூராவும் நீர். ஈரம் அளவாக இருக்கும்போதுதான் பருக்கைகளுக்கு இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்பாலங்கள் பரப்பு இழுவிசையால் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. கடல் வற்றியதும் வெளிப்படும் கீழ்க்கரை அந்த நிலையில் இருக்கிறது. ஆகவே உச்ச ஓதத்துக்கு (கடல் மிக ஏறி நிற்கும் நேரத்துக்கு) முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டக் கூடாது. ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை வைத்து இன்று கிளம்பினால் மென்மணலுக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். உள்பாதைகள் மழைக்குப் பின் இறுகும், நீண்ட வறட்சியில் மாவாகும்.

நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் இங்கே ஓட்ட முடியாது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ வாக்கிலிருந்து 18 அளவுக்குக் குறையுங்கள். டயர் தட்டையாகி மணலைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடும், எடை பரவும். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். மேலும் மிதித்தால் அச்சு வரை புதையும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். கடற்கரையில் 80 கி.மீ. வேகம் அனுமதி, ஆனால் ஓடைகள் கடலில் சேரும் இடத்தில் மணல் படிபோல் வெட்டுண்டிருக்கும், அருகில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

படகேறித் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தார்ச்சாலையில் வேகம் எடுக்கும் முன் டயரில் காற்றை ஏற்றிவிடுங்கள். 18 பிஎஸ்ஐயிலேயே ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி டயர் வெடித்துவிடலாம்.