மதகு யாருடையது? வன்னியில் எந்தக் காரியத்துக்கு எந்தக் கந்தோர்

போன மாரி மழைக்கு எங்கள் வீதியில் இருந்த மதகு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. சைக்கிள் போகும், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம், நெல் ஏற்றின லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போகாது. ஊரில் ஒரு கடிதம் எழுதி, ஐம்பது பேர் மட்டில் கையெழுத்து வைத்து, பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எதற்கும் அங்கேதானே போய்ப் பழக்கம். பிரதியில் சீல் அடித்துத் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், கடிதம் 'உரிய நடவடிக்கைக்காக' பிரதேச சபைக்குப் போய்விட்டது. சபையில் தடித்த பதிவேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட வீதி இல்லை" என்றார்கள். அதற்குள் ஊர்ப் பெடியள் இரண்டு பனங்குத்தியைக் குறுக்கே போட்டு வழி செய்துவிட்டார்கள்.

ஒருவரும் வேண்டுமென்று அலைக்கழித்ததாகச் சொல்ல மாட்டேன். எங்களுக்கும் விஷயம் தெரியவில்லை. மாகாணத்துக்குள் மாவட்டம், மாவட்டத்துக்குள் பிரதேசம், பிரதேசத்துக்குள் கிராமம் என்று நிர்வாகம் ஒரே ஏணியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். வரைபடத்தில் அது சரி. கந்தோர்களில் அப்படி இல்லை. அங்கே மூன்று தனித்தனிக் கயிறுகள் ஒரே ஊருக்குள் வந்து இறங்குகின்றன.

முதலாவது கொழும்பிலிருந்து நேரே வருவது. மாவட்டச் செயலகம், அதன் கீழ் பிரதேச செயலகம், அதன் கீழ் கிராம அலுவலர். எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்னும் கச்சேரி, ஏ.ஜி.ஏ கந்தோர், விதானையார் என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறினாலும் அந்தக் கயிறு வெள்ளைக்காரன் காலத்ததுதான். இதில் ஒருவரையும் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவதில்லை. எல்லோரும் மத்திய அரசின் உத்தியோகத்தர்கள். பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம், வெள்ள நிவாரணம், வதிவிட உறுதிப்படுத்தல் எல்லாம் இந்த வழிதான். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, முன்பு கச்சேரியின் தலைவரான அரசாங்க அதிபரிடம் குவிந்திருந்த வேலைகளில் பெரும்பகுதி பிரதேச செயலாளரின் மேசைக்கு வந்தது. எதற்கும் அங்கே ஓடும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது மாகாணக் கயிறு. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே வருடம் நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தன. நாட்டில் மாகாணம் ஒன்பது, மாவட்டம் இருபத்தைந்து. வடக்கு மாகாணத்துக்குள் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று ஐந்து. மேலே ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். மக்கள் தெரியும் சபை ஒன்று, அதிலிருந்து முதலமைச்சரும் கூடினால் இன்னும் நான்கு அமைச்சர்களும். நிர்வாகப் பக்கத்தில் பிரதம செயலாளர், அமைச்சுச் செயலாளர்கள், திணைக்களங்கள். வலயக் கல்விப் பணிமனை, மாகாண நீர்ப்பாசனப் பொறியியலாளர் கந்தோர், மாவட்ட வைத்தியசாலை எல்லாம் இந்தக் கயிற்றில் கட்டியவை.

மூன்றாவது உள்ளூராட்சி: பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை. தெருவிளக்கு, சந்தை, குப்பை, மயானம், வாசிகசாலை, வீட்டுப் பட அனுமதி, சோலைவரி. இவற்றை மேற்பார்வை செய்வது மாகாணம்தான். ஆனால் சபைக்கு அதன் சொந்தச் சட்டமும் சொந்த வருமானமும் உண்டு.

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் பெயரில் அண்ணன் தம்பி போல இருப்பதால் பலருக்கும் குழம்பும். எல்லைகூட எப்போதும் பொருந்தாது. கிளிநொச்சியில் பிரதேச செயலகம் நான்கு: கரைச்சி, கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி. பிரதேச சபை மூன்றுதான். கண்டாவளைக்குத் தனிச் செயலகம் இருக்கிறது, தனிச் சபை இல்லை, அது கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. முல்லைத்தீவில் செயலகம் ஆறு, சபை நான்கு. ஆகவே "நீங்கள் எந்தப் பிரதேசம்?" என்று கேட்டால், செயலகத்தைக் கேட்கிறார்களா சபையைக் கேட்கிறார்களா என்று திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வன்னி என்ற சொல்லே ஒரு தனிச் சிக்கல். பேச்சில் ஆனையிறவுக்குத் தெற்கே இருப்பதெல்லாம் எங்களுக்கு வன்னி. ஆனால் நிர்வாகத்தில் வன்னி என்று மாகாணமோ மாவட்டமோ கிடையாது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்று ஒன்றுண்டு. அதற்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் அடங்கும். கிளிநொச்சி இல்லை! 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்த கிளிநொச்சி, தனி மாவட்டமான பிறகும் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தோடுதான் வாக்குப் போடுகிறது. மாகாண சபைத் தேர்தலில் கணக்கு வேறு. அங்கே நிர்வாக மாவட்டம்தான் அலகு. 2013இல் வடக்கின் 38 ஆசனங்களில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் ஐந்து ஐந்து, கிளிநொச்சிக்கு 4, மிச்சம் இரண்டு, கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கான போனஸ். ஒரே ஆள் ஒரு தேர்தலில் யாழ்ப்பாண வாக்காளர், இன்னொன்றில் கிளிநொச்சி வாக்காளர்.

சரி, எந்த வேலை யாருக்கு என்று பிரிப்பது எப்படி? 13ஆவது திருத்தத்தோடு மூன்று நிரல்கள் வந்தன. மத்திக்கு மட்டும் உரியது ஒதுக்கிய நிரல். மாகாணத்துக்கு உரியது மாகாண சபை நிரல். இருவருக்கும் பொதுவானது ஒருங்கிய நிரல். காகிதத்தில் துப்புரவாகத்தான் இருக்கிறது. ஊரில் அது எப்படி இறங்குகிறது என்று பார்க்க, வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுப்போம்: குளம்.

இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. அதற்கு நீர் தரும் கனகராயன் ஆறு வடக்குக்குள் பிறந்து வடக்குக்குள்ளேயே முடிவதால் அதை மாகாணம் பார்க்கலாம். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனால் கதை மாறும். அதற்கு நீர் வருவது அருவி ஆற்றிலிருந்து. அந்த ஆறு அநுராதபுரப் பக்கமிருந்து, அதாவது இன்னொரு மாகாணத்திலிருந்து வருகிறது. மாகாண எல்லை தாண்டும் ஆற்றின் நீர்ப்பாசனம் மத்திக்கு உரியது. ஆகவே அங்கே மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். அப்புறம் 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சின்னக் குளங்கள் இருக்கின்றன, வன்னியில் காட்டுக்குள் எத்தனையோ. அவற்றைப் பார்ப்பது கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதுவும் மத்தியதுதான், ஆனால் வேறு கந்தோர், வேறு உத்தியோகத்தர்.

இப்போது மூன்று குளமும் ஒரே கிழமையில் வான் பாய்கிறது என்று வையுங்கள். துலுசு திறப்பது, வாய்க்கால் துப்புரவு, கட்டில் கசிவு என்று மூன்று இடத்திலும் ஒரே பிரச்சினை. ஓட வேண்டிய கந்தோர் மூன்று. காலபோகத்துக்கு எத்தனை ஏக்கர், விதைப்புக்குக் கடைசித் திகதி எது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒரே மேசைக்கு வருவார்கள். என் அனுபவத்தில் கமக்காரருக்கு மிகவும் பயன்படும் அரச கூட்டம் அதுதான். அதற்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று பிறகு சத்தம் போடுவதில் பலன் குறைவு.

வீதிக்கும் இதே போலத்தான், கொஞ்சம் சுலபம். எழுத்தைப் பார்த்தால் போதும். ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. ஏ9, பரந்தன் முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34 இதற்குள் வரும். சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதற்கும் கீழ் உள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் சபைக்கு. 'அதிகார சபை', 'திணைக்களம்' என்ற கடைசிச் சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் கடிதம் மாதக்கணக்கில் சுற்றும்.

பள்ளிக்கூடத்தில் தேசிய பாடசாலைகள் மத்திக்கு, மற்றவை மாகாணத்துக்கு. வைத்தியத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திக்கு, இங்கே பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்கு. துணுக்காயிலோ மடுவிலோ கணித ஆசிரியர் இல்லையென்றால் கேட்க வேண்டிய முதல் இடம் வலயக் கல்விப் பணிமனை. கச்சேரிக்குப் போய்ப் பலனில்லை.

காணிதான் எல்லாவற்றிலும் கடினம். மாகாண சபை நிரலில் காணி என்ற சொல் இருக்கிறது. ஆனால் அரச காணி குடியரசுக்கு உரியது என்று அந்த நிரலின் பின்னிணைப்பு சொல்கிறது, அந்த அதிகாரம் மத்தியில்தான் என்று உயர் நீதிமன்றமும் 2013இல் தீர்த்துவிட்டது. வன்னியில் பெர்மிட் காணி, அதாவது அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த அரச காணி, வைத்திருக்கிறவர் தன் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்ததென்றால் அதில் ஒப்பம் பிரதேச செயலாளருடையது. அது அளிப்புப் பத்திரமாக மாறும்போது ஒப்பம் ஜனாதிபதியுடையது. இடையில் மாகாணக் காணித் திணைக்களமும் ஒரு கை வைக்கும். அதே காணியின் பின்வேலியில் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருந்தால், அது முழுக்க முழுக்க மத்தி. அங்கே மாகாணத்தின் சொல் எடுபடாது. பொலிஸ் அதிகாரமும் நிரலில் இருக்கிறது, இன்றுவரை எந்த மாகாணத்துக்கும் கொடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று சொல்ல வேண்டும். மாகாணக் கயிற்றில் நாங்கள் தெரிய வேண்டிய ஆட்களே இப்போது இல்லை. 1988இல் வடக்கையும் கிழக்கையும் சேர்த்து ஒரு சபை வந்தது. அதில் வடக்கின் ஆசனங்கள் போட்டியில்லாமலே நிரம்பின. 1990இல் அது கலைந்தது. இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்ல, 2007இன் தொடக்கத்தில் இரண்டும் பிரிந்தன. வடக்கு மாகாணத்துக்கென்று தனியாக நடந்த முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21. முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் ஐந்து வருடம் முடிந்தது. கூட்டிப் பார்த்தால், 1988இலிருந்து இன்றுவரை வடக்குக்குச் சபை இருந்தது ஏழு வருடம்கூட வராது.

அடுத்த தேர்தல் ஏன் வரவில்லை? 2017இல் தேர்தல் முறையை, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் போட்டார்கள். அதற்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். பிரித்த அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் தோற்கடித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் நடுவில் நின்றுவிட்டது. வடக்கு மட்டுமில்லை, ஒன்பது மாகாணமும் இதில் மாட்டிக்கொண்டன.

அதற்காகக் கந்தோர்கள் பூட்டிக் கிடக்கவில்லை. ஆளுநரின் கீழ் செயலாளர்களும் திணைக்களங்களும் வழமைபோல நடக்கின்றன. ஆசிரியர் இடமாற்றம் நடக்கிறது, வாய்க்கால் வெட்டுகிறார்கள், சம்பளம் வருகிறது. நடக்காதது நியதிச்சட்டம், அதாவது மாகாணத்தின் சொந்தச் சட்டம், இயற்றுவது. அதற்குச் சபை வேண்டும். அதோடு, துணுக்காய்க்கு ஒதுக்கின காசு எங்கே போனது என்று கைதடியில் உள்ள மாகாண சபையில் எழுந்து நின்று கேட்க எங்கள் உறுப்பினர் ஒருவரும் இல்லை.

உறுப்பினர் இல்லாவிட்டாலும் நாங்களே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மத்தி, மாகாணம், உள்ளூராட்சிச் சபை மூன்றுக்கும் பொருந்தும். அந்தந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். கேள்வி மட்டும் கூர்மையாக இருக்கட்டும். 'எங்கள் வீதியை ஏன் திருத்தவில்லை' என்று எழுதினால் ஒரு விளக்கக் கடிதம் வரும். 'இந்த வீதி உங்கள் பதிவேட்டில் உள்ளதா, என்ன வகுப்பு, என்ன இலக்கம், கடைசியாக எப்போது எவ்வளவு செலவழித்தீர்கள்' என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நாங்கள் கடைசியில் செய்தது அதைத்தான். வீதி மாகாணத் திணைக்களத்தின் டி வகுப்பு என்று பதில் வந்தது. இலக்கத்தைத் தலைப்பில் போட்டு, படம் இரண்டு ஒட்டி, இரண்டாவது கடிதத்தை அங்கே நேரே கொடுத்தோம். மூன்றாம் கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, மதகின் இரண்டு பக்கமும் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போனார். மதிப்பீடு போய்விட்டதாம். பனங்குத்தி இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது.