மாட்டுக்குப் ‘போதும்’ என்பது எப்போது தெரியும்?

“மாட்டைப் பாரு, தின்னுச்சா, படுத்துச்சா, அசை போட்டுச்சா, அதுக்கென்ன கவலை!” தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கடன், கல்யாணச் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு நீளும்போது யாராவது ஒருவர் இப்படிப் பெருமூச்சு விடுவார். அந்த நிம்மதி மாட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தெளிவான பதில் உண்டு. நிம்மதி கெட்ட மாடுகள்தான் மருந்தகத்துக்கு வருகின்றன. எது கெட்டதால் அது கெட்டது என்று தேடிப் பார்ப்பதுதான் கால்நடை மருத்துவர்களான எங்கள் தினசரி வேலை.

முதலில், நிம்மதியாக இருக்கும் மாட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். முன்னங்கால்களை மடக்கி, நெஞ்செலும்பில் பாரத்தை ஊன்றிப் படுத்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும், காது தளர்ந்து கிடக்கும், மூக்கு ஈரமாக இருக்கும். கழுத்தின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறி வாய்க்குள் போவது தெரியும். அதை 40 முதல் 60 தடவை மெல்லும். விழுங்கும். சில விநாடி சும்மா இருக்கும். அடுத்த உருண்டை ஏறும். ஒரு நாளில் 7 முதல் 9 மணி நேரம் இப்படித்தான் போகிறது. மெல்லும்போதெல்லாம் உமிழ்நீர் ஊறுகிறது. பெரிய கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும். அதிலுள்ள உப்புகள்தான் முதல் வயிற்றில் (மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் தீனி முதலில் போய்ச் சேரும் பெரிய அறை) புளிப்பு ஏறாமல் காக்கின்றன. அதனால் சோம்பலாக நாம் நினைக்கும் அந்த அசை, உடம்பின் மிக முக்கியமான வேலை.

மாடு எப்போது தின்பதை நிறுத்துகிறது? ராகித்தாளும் சோளத்தட்டும் பச்சைப்புல்லும் போட்டால் முதல் வயிறு நிரம்பி விரிகிறது. விரிந்ததும் ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது. மாடு தலையைத் தூக்கிவிட்டு நகர்ந்துவிடும். மீதம் தொட்டியில் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. இதைப் பார்த்துத்தான் “மாட்டுக்குப் பேராசை இல்லை” என்கிறோம்.

அதே மாட்டின் முன்னால் ஓர் அண்டா சோற்றை வைத்தால் கதை மாறிவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், முகூர்த்த நாள்களுக்கு அடுத்த நாளும் வரும் மாடுகளில் இது வழக்கமாகப் பார்ப்பது. பாசத்தோடு பொங்கலை உருட்டி ஊட்டியிருப்பார்கள், அல்லது மண்டபத்தில் மிஞ்சிய சோறு வீணாகக் கூடாது என்று தொட்டியில் கொட்டியிருப்பார்கள். மாடு நிறுத்தாமல் தின்றிருக்கும். சோறு வயிற்றை நார் போல அடைத்து விரிப்பதில்லை. ‘போதும்’ என்ற செய்தி புறப்படுவதற்குள் தேவைக்கு மேல் பல மடங்கு உள்ளே போய்விடுகிறது.

பிறகு உள்ளே நடப்பது இதுதான். சோற்றின் மாவுச்சத்தைச் சில நுண்ணுயிர்கள் வேகமாகப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கின்றன. முதல் வயிற்றில் 6-க்கும் 7-க்கும் இடையே இருக்க வேண்டிய பிஹெச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-க்கும் கீழே இறங்கலாம். நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வயிற்றுக்குள் அடர்த்தி கூடிவிடுவதால் ரத்தத்திலிருந்து தண்ணீர் உள்ளே இழுக்கப்படும், கண் குழி விழும். அசை நின்றுபோகும். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கைமுட்டியை வைத்து அழுத்தினால், நல்ல மாட்டுக்கு 2 நிமிடத்தில் மூன்று நான்கு தடவை வயிறு உருண்டு கையைத் தள்ளும். இங்கே அந்த அசைவு இருக்காது, தளும்பும் சத்தம்தான் கேட்கும். சாணம் சாம்பல் நிறத்தில் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். தள்ளாடும், படுத்துவிடும். கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பிழைத்த மாட்டுக்கும் சில வாரங்களில் குளம்பில் வீக்கமும் நொண்டலும் வருவதுண்டு.

எத்தனை கிலோ சோறு தின்றால் ஆபத்து என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. அது பழக்கத்தைப் பொறுத்தது. பழக்கமில்லாத மாட்டுக்குப் பண்டிகை அன்று இரண்டு கைப்பிடியோடு நிறுத்துங்கள். தெரியாமல் நிறையத் தின்றுவிட்டால் மிச்சத்தை உடனே அகற்றுங்கள், காய்ந்த ராகித்தாளை மட்டும் முன்னால் போடுங்கள், மெல்ல நடத்துங்கள், அசை நிற்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வருவதற்கு நேரமாகும் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு பெரிய மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கும், தலை தொங்கிய மாட்டுக்கும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் வந்தால் இதே தொல்லை வேறு வடிவில் வரும். மாங்கூழ் ஆலைக் கழிவும் தோப்பில் உதிர்ந்த பழமும் மலிவாகக் கிடைக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் விலை விழுந்தால் தக்காளி குவியும். மாடு ஆசையாகத் தின்னும், வயிறு புளிக்கும். மாங்கொட்டை உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதும் உண்டு. கழுத்தை நீட்டிக்கொண்டு எச்சில் ஒழுக நிற்கும், விழுங்க முயன்று முயன்று தோற்கும், இடது வயிறு உப்பும். குச்சியோ குழாயோ விட்டுத் தள்ளிப் பார்க்கவே கூடாது, உணவுக்குழாய் கிழிந்துவிடும். தண்ணீரும் எண்ணெயும் ஊற்றக் கூடாது. வாயு வேகமாக ஏறினால் சில மணி நேரத்தில் மூச்சு அடைத்துவிடும் என்பதால் இது உடனே பார்க்க வேண்டிய அவசரம்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் ஒன்றுதான். மாட்டின் ‘போதும்’ அதன் குணத்தில் இல்லை. அதன் உடம்பு எந்தத் தீனிக்காக அமைந்ததோ, அந்தத் தீனியில் இருக்கிறது. தொட்டியில் இருப்பது மாறினால் பசுவும் பேராசைக்காரி ஆகிவிடுகிறது. மனிதர்களுக்கும் இது பெருமளவு பொருந்தும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. பரோட்டாவும் பிஸ்கட்டும் சர்க்கரை தூக்கலான டீயும் குளிர்பானமும் அதற்கு முன்பே உள்ளே போய்விடுகின்றன. “என்னால வாயைக் கட்ட முடியல” என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் மன உறுதியை எதிர்பார்ப்பதைவிடத் தட்டை மாற்றச் சொல்வது நியாயம். கீரைக் கடைசலும் காராமணிக் குழம்பும் முதலில், களியோ சோறோ அதோடு, மொத்தச் சாப்பாடும் 20 நிமிடத்துக்குக் குறையாமல். ராகி ஆயிற்றே என்று களியை அளவில்லாமல் சாப்பிடுவதும் சரியில்லை, அதுவும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். களியை மெல்லாமல் விழுங்கும் வழக்கம் நம் ஊரில் இருப்பதால் இடையில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவது இன்னும் அவசியமாகிறது.

அடுத்தவரைப் பார்த்து ஏங்குவது மாட்டிடம் இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை. மாட்டு மந்தையில் வரிசை உண்டு, பலமானது பலவீனமானதை முட்டித் தள்ளும். தீனித் தொட்டியில் ஒரு மாட்டுக்கு 60 முதல் 75 செ.மீ. இடம் கிடைக்காவிட்டால் தினமும் சண்டை, கடைசியில் நிற்கும் கிடேரிக்குக் கால்வயிறுதான். தொட்டியை நீட்டிக் கட்டினாலோ இரண்டாவது தொட்டி வைத்தாலோ அதே மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் அமைதியாகத் தின்னும். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி சண்டை வரும்போது ஆளின் குணத்தை ஆராய்வதற்கு முன்னால், எது யாருக்குக் குறைகிறது என்று பார்ப்பது பயன்படும்.

ஆனால் மாடு ஒருநாளும் செய்யாத ஒன்று உண்டு: தன் பாலைப் பக்கத்து வீட்டு மாட்டின் பாலோடு ஒப்பிடாது. அதை நாம் செய்கிறோம். சொசைட்டியில் பால் ஊற்றும் இடத்தில் “அவங்க மாடு வேளைக்குப் பத்து லிட்டர்” என்று காதில் விழுந்த அன்று மாலையே தவிடும் மாவும் இரட்டிப்பாகும். கணக்கு இப்படி இருக்க வேண்டும்: கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காக்க ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம் (தவிடு, மாவு போன்றவற்றின் கலவை), அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ. பசுந்தீவனம் 20-25 கிலோ, உலர்தீவனம் 4-5 கிலோ, தாது உப்புக் கலவை 30-50 கிராம். எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் 7 முதல் 10 நாளில் படிப்படியாக. ஒரே நாளில் கூட்டினால் பால் ஏறாது, வயிறுதான் புளிக்கும். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும், ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் கூடுதலாகத் தேவை. பென்னாகரம் காட்டோரப் பட்டிகளில் மேயும் ஆலம்பாடி மாடு மிகக் குறைந்த பால்தான் கொடுக்கும். ஆனால் காய்ந்த புல்லில் உடம்பைக் காத்துக்கொண்டு பாறையிலும் சரிவிலும் உழைக்கும். அதைப் பால் அளவை வைத்துத் தாழ்த்திப் பேசுவது வருத்தமான விஷயம்.

ஓய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடு ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க விரும்பும். தீனியும் படுக்கையும் இரண்டும் நெடுநேரம் மறுக்கப்பட்டால், விட்டவுடன் தீனியைத் தள்ளிவைத்து முதலில் படுக்கும். அவ்வளவு முக்கியம். படுத்திருக்கும்போது மடிக்கு ரத்த ஓட்டமும் கூடும். கட்டாந்தரையான சிமெண்டில் கட்டிவிட்டு “மாடு படுக்கவே மாட்டேங்குது” என்று சொல்வார்கள். பின்னங்கால் முட்டியைத் தடவிப் பாருங்கள், முடி உதிர்ந்து வீங்கியிருக்கும். மணலோ, காய்ந்த ராகித்தாளோ, ரப்பர் பாயோ போடுங்கள். மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கித் தலையை முன்னால் வீசும், அதனால் முன்னால் இரண்டரை அடியாவது காலியாக இருக்க வேண்டும். கயிறு, தலை தரையைத் தொடவும் திரும்பி விலாவை நக்கவும் போதுமான நீளம் இருக்கட்டும்.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறி வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்த மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கறக்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலே பால் குறைகிறது என்று கவலைப்படும் வீடுகளில், இரவு ஷிஃப்ட் முடித்து வரும் மகன் நான்கு மணி நேரம் தூங்குவதை யாரும் கவனிப்பதில்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. அவன் இனிப்பும் எண்ணெயும் தேடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பகலில் தூங்குபவருக்கு இருட்டிய அறை, அணைத்து வைத்த போன், ‘இந்நேரம் எழுப்பக் கூடாது’ என்ற வீட்டுக் கட்டுப்பாடு, இந்த மூன்றும் வேண்டும்.

கடைசியாக, எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. சத்தமில்லாத மாடெல்லாம் நிம்மதியான மாடு என்று எண்ணாதீர்கள். வேட்டைக்கு இரையாகும் இனம் என்பதால் மாடும் ஆடும் வலியை மறைத்துக்கொள்ளும். “ரெண்டு நாளா சாதுவா நிக்குது” என்று கொண்டுவரும் மாட்டின் வயிற்றில் சில சமயம் தீனியோடு விழுங்கிய கம்பி குத்தியிருக்கும். வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்கலாம். நிம்மதியான மாடு எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். வலியில் இருப்பது முதுகைக் கூனி நிற்கும், பல்லை நறநறக்கும், காது பின்னுக்குப் போகும், மந்தையிலிருந்து ஒதுங்கும், மூக்கு காய்ந்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அசை போடாது. வெயில் நாளில் படுக்காமல் வாயைத் திறந்து நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால் அது சூட்டின் துன்பம். நிழலுக்கு மாற்றி உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அரை நாளுக்கு மேல் அசை நின்றிருந்தால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அழைக்கும்போது என்ன தின்றது, எப்போது தின்றது, கடைசியாக எப்போது சாணம் போட்டது, சினையா என்ற நான்கையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் சில வாரமாகப் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டை ஒதுக்கி, தனியாகவே உட்கார்ந்திருந்தால், “அவர் எப்பவும் அமைதிதான்” என்று விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.