மைக்ரேஷன்: எண்ணெய்க்கு வலசையா, ஊர்வா?

மைக்ரேஷன் என்றால் நமக்குப் பறவைகள், அப்புறம் விசா. கடலடியில் எண்ணெய் தேடுகிறவர்களுக்கு அது வேறு. மூலப்பாறையில் உண்டான எண்ணெயும் வாயுவும் அங்கிருந்து கிளம்பி, ஏதோ ஒரு பாறைப் பொறியில் அடைபடும் வரை போகும் பயணம் அது. வேர் லத்தீன் ‘மிக்ராரே’, ஓரிடம் விட்டு இன்னோரிடம் போவது.

தமிழில் ‘இடப்பெயர்ச்சி’ எனலாம், ஆனால் பள்ளி இயற்பியல் அதை டிஸ்பிளேஸ்மென்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘வலசை’ அழகான சொல்தான், ஆனால் வலசை போகும் பறவைக்குப் போக ஓர் இடம் உண்டு, திரும்பியும் வரும். எண்ணெய்க்கு இரண்டும் கிடையாது, தள்ளினால் போகும், வழி இருந்தால் ஏறும். என் ஓட்டு ‘ஊர்வு’க்கு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அந்த நிதானம் இதிலும் உண்டு (கல் தேயாது, அது வேறு விஷயம்).

சரி, தள்ளுவது எது? மூலப்பாறையில் கெரோஜன் (புதைந்த உயிரினங்களின் மிச்சத்தில் உண்டான திடப்பொருள்) எண்ணெயாக மாறும்போது இடம் போதாமல் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைப் பிதுக்கி வெளியே விடுகிறது. இது முதல் ஊர்வு. அதற்கப்புறம் மிதப்புதான்: பாறைத் துளைகளில் நிற்கும் உப்புநீரைவிட எண்ணெய் லேசு, ரசத்தின் மேல் நெய் மிதக்கிற மாதிரி மேலே ஏறும், எண்ணெய் நுழைய முடியாத அளவு நுண்ணிய துளை கொண்ட களிப்பாறை மூடியாக வந்து மறிக்கும்வரை. கீழே நீரழுத்தம் எக்கச்சக்கமாக ஏறினால் அந்த மூடியே விரிசல் விட்டு, பிடித்து வைத்த வாயு தப்பிவிடும்.

அழுத்தம் குறைந்தாலும் வம்புதான். நார்வேயின் பேரண்ட்ஸ் கடலில் 1984இல் கண்டுபிடித்து, 2007இல் உற்பத்தி தொடங்கிய ஸ்னோவிட் வாயு வயலைப் பாருங்கள். அந்தப் பகுதி மேலெழுந்து, மேலே கிடந்த படிவுகள் அரித்துப் போக, பாரம் இறங்கி அழுத்தமும் குறைந்தது, வாயு விரிந்து தனக்குக் கீழே இருந்த எண்ணெயைப் பொறியின் விளிம்பு தாண்டி வழியவிட்டது. இன்று அங்கே வாயுவுக்கு அடியில் மெல்லிய எண்ணெய் அடுக்குதான் மிச்சம். அதற்கும் கீழே துளையிட்டு எடுத்த பாறையில் எண்ணெய்க் கறை, கழுவாத சட்டியில் ஒட்டியிருக்குமே, அப்படி.

இன்னொன்று: நில அதிர்வுப் பதிவுகளை (பாறைகளுக்குள் அலை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் பதிந்தவை) சரிசெய்கிறவர்களும் ‘மைக்ரேஷன்’ என்பார்கள். எதிரொலிகளைப் படத்தில் அவை உண்மையில் இருக்கவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் கணக்கு அது. அங்கே எதுவும் ஊரவில்லை, ‘இடம் திருத்தல்’ என்றால் போதும்.