அலைநார் மரம்: கிட்டாரின் முதுகில் கோடுகள் மின்னுவது எப்படி

அலைக்கோடு ஓடும் மேப்பிள் கட்டை ஒன்றின் தலைப்பில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டிப் பிளந்து பாருங்கள். நேர்நாராக வளர்ந்த மரம் பிளந்த இடம் தட்டையாக இருக்கும். இதுவோ அலை வடிந்த கடற்கரை மணலைப்போல வரிவரியாகப் பிளக்கும். விரலை ஓட்டினால் 5 முதல் 10 மில்லிமீட்டருக்கு ஒரு மேடு தட்டுப்படும். இழைத்து மெருகேற்றிய கிட்டாரின் முதுகில் புலிவரிபோல் மின்னுவது இந்த நெளிவுதான்.

மரநார் ஒவ்வொன்றும் நுண்ணிய குழாய். இழைத்த பரப்பில் நார் படுத்திருக்கும் இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும். குழாயின் வெட்டுவாய் நம்மைப் பார்த்திருக்கும் இடம் ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு இருண்டு தெரியும். பலகையைச் சற்றே சாய்த்தால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிக்கொள்ளும். பட்டுப்புடவையின் மடிப்பைத் திருப்பும்போது மினுமினுப்பு ஓடுவதைப்போல. எப்படிச் சாய்த்தாலும் கோடுகள் அசையவில்லை என்றால் அது அச்சடித்த படலமாகவோ சாயமாகவோ இருக்கும். மரம் வாங்கப் போகிறவர் ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எந்தப் பக்கமாக அறுக்கிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. வரிக்கோல மேப்பிளிலும் ஹவாய்த் தீவுகளின் கோஆ மரத்திலும் நார், ஆண்டு வளையத்தை ஒட்டியபடி இடவலமாக நெளியும். ஆகவே வளையங்களுக்குச் செங்குத்தாக, மையத்திலிருந்து ஆரம் போல அறுத்த பலகையில்தான் வரிகள் தெளிவாக விழும். (கோஆ வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் நீலகிரியில் பரவிக் கிடக்கும் வாட்டில் மரமும் அதே பேரினம்தான்.) மெத்தைபோல உப்பித் தெரியும் குவில்ட் மேப்பிளில் நெளிவு மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும். அதை வளையத்தை ஒட்டி, தட்டையாக அறுத்தால்தான் குமிழ் குமிழாகத் தெரியும்.

அந்தத் தட்டை அறுப்புக்கு ஒரு விலை உண்டு. குவில்ட் கிடைக்கும் பெரிய இலை மேப்பிள் பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது ஆரவாக்கில் சுமார் 3.7 விழுக்காடும் வளையவாக்கில் சுமார் 7.1 விழுக்காடும் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டிலிருந்து 25க்கு இறங்கினால் மரத்தின் உள்ளீரம் ஏறக்குறைய மூன்று விழுக்காடு குறையும். 400 மில்லிமீட்டர் அகலமுள்ள முதுகு, ஆரவாக்கில் அறுத்ததாக இருந்தால் 2 மில்லிமீட்டருக்குள் சுருங்கப் பார்க்கும். தட்டையாக அறுத்தது சுமார் மூன்று மில்லிமீட்டர். உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கும் தாங்குசட்டங்களோ நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் பலகை வெடிக்கும், அல்லது முதுகின் கூன் தட்டையாகிவிடும். ஆகவே இந்த மரத்தைப் பட்டறையிலேயே 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில், பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் பழக்கவேண்டும். சட்டங்களை ஒட்டும் நாளிலும் காற்று அதே ஈரத்தில் இருக்கவேண்டும். அவசரப்பட்டவர்களின் கிட்டார்தான் காற்று வறளும் முதல் குளிர்காலத்தில் வெடிக்கிறது.

ஒலிக்கு இதனால் என்ன லாபம்? நேர்மையாகச் சொன்னால், சொல்லும்படி இல்லை. மரம் நார்த்திசையில் விறைப்பானது. குறுக்கே அந்த விறைப்பு பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். நார் நெளிந்தால் நீளவாக்கு விறைப்பும் குறையும், அவ்வளவே. கிட்டாரின் குரலைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரத்தாலான முன்பலகையும் அதன் சட்டங்களும். ஸ்பெயினின் அந்தோனியோ தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழில் செய்து ஒரு கிட்டார் கட்டியது இதைக் காட்டத்தான். அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் ஆறு வகை மரங்களை மாற்றி, மற்றதெல்லாம் ஒன்றுபோலக் கட்டிய ஆறு கிட்டார்களை 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்து மதிப்பிட்டார்கள். விலை உயர்ந்த மரமும் மலிவான மரமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வாங்கின. அலைநார் மரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு கண்ணுக்கானது. அதில் தவறில்லை, தெரிந்து கொடுக்கவேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். இழைப்புளியை நார் ஏறும் திசையில் தள்ளினால் சீராகச் சீவும், எதிர்த்திசையில் தள்ளினால் நாரைப் பிடுங்கும். இந்த மரத்தில் ஏற்றமும் இறக்கமும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை மாறுவதால் நல்ல திசை என்று ஒன்றே கிடையாது. அதனால் அலகின் வெட்டுக்கோணத்தை வழக்கமான 45 பாகையிலிருந்து 55, 60க்கு உயர்த்துவார்கள். இல்லாவிட்டால் அலகின் மேலிருக்கும் முறிதகட்டை விளிம்புக்கு 0.1, 0.2 மில்லிமீட்டர் நெருக்கத்தில் வைத்து, சுருள் கிழியுமுன் முறிந்துவிடும்படி செய்வார்கள். சுரண்டு தகடு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பினால் மென்மையான வரிகள் கூடுதலாகத் தேய்ந்து பரப்பு அலையலையாகிவிடும்; கடைசித் தேய்ப்பு தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால்தான். உருளைத் தேய்ப்பு இயந்திரம் இருந்தால் 80ஆம் எண் தாளில் தொடங்கி, ஒரு ஓட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அளவு எடுத்தால் போதும்.

கை நடுங்கவைக்கும் கட்டம் பக்கப் பலகையை வளைப்பது. பலகையின் தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் வெளிமுகம் எவ்வளவு நீளவேண்டும் என்று கிடைக்கும். கிட்டாரின் இடுப்பு வளைவின் ஆரம் 60 மில்லிமீட்டர், பலகை 2.3 மில்லிமீட்டர் என்றால் 1.9 விழுக்காடு. சூடேறிய மரம் அறுபடாமல் நீளக்கூடியது 1 முதல் 2 விழுக்காடுதான். நேர்நாராக வளர்ந்த ஈட்டி மரம் இதைத் தாங்கிவிடும். நெளிந்த நாரில் ஒவ்வொரு வரியும் வெளிமுகத்தில் அறுபட்ட நுனியாக நிற்பதால் அங்கே நார் எழும்பும், பிறகு பலகையே முறியும். அதனால் அலைநார்ப் பலகையை 1.8 அல்லது 1.9 மில்லிமீட்டருக்கு இறக்குவார்கள். 1.8 என்றால் கணக்கு 1.5 விழுக்காடாகிறது. சிறிய வித்தியாசம்தான், ஆனால் முறிவுக்கும் பிழைப்புக்கும் இடையில் இருப்பது அதுதான். விரல் எட்டுவதற்காகத் தோளில் வெட்டு வைக்கும்போது ஆரம் 30க்கு இறங்கினால் அதே பலகைக்கு 3 விழுக்காடு வேண்டியிருக்கும். அங்கே வரிகள் அடர்த்தியாக உள்ள பலகையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே புத்தி.

வளைக்கும்போது வெளிமுகத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று பலகையோடு சேர்ந்து வளையவேண்டும். எழும்பப் பார்க்கும் நார்களை அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை. தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊறவைக்கக் கூடாது. ஊறினால் வரிக்கு வரி வேறுவேறு அளவில் உப்பி, பலகை தகரக் கூரைபோல் நெளிந்துவிடும். பலகையைச் சூடேற்றும் வெப்பப் போர்வை 110 பாகை செல்சியஸைத் தாண்டி ஆவி எழுந்ததும் இடுப்பை மெல்ல இறக்கி, 150க்குள் கீழ்ப்புறத்தையும் மேல்புறத்தையும் முடித்து, இடுப்பைக் கடைசியாக முழுதும் அழுத்தவேண்டும். நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகுவதால்தான் மரம் வளைகிறது. ஆறும்போது அது இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். வளைத்த அச்சிலேயே ஓர் இரவு விடுங்கள். எங்காவது நார் எழும்பினால் தண்ணீர்போல் ஓடும் வகை சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு அமுக்கினால் தடம் தெரியாது.

விலை ஏன் விண்ணைத் தொடுகிறது என்பதற்கு ஓர் ஒற்றை மரமே சாட்சி. இன்றைய பெலீஸ் நாட்டின் சிக்கிபுல் காட்டில் 1965இல் வெட்டப்பட்ட ஒரு மஹோகனி, பள்ளத்தில் விழுந்து எடுக்கமுடியாமல் கிடந்தது. 1980களில் துண்டு துண்டாக மீட்டபோது உள்ளே ஆமை ஓடு போன்ற கோலம் இருந்தது. அதற்கு இணையான இன்னொரு மரம் கிடைக்கவில்லை. கிட்டார் உலகில் அதன் பெயரே 'அந்த மரம்'தான்.

கடைசியாக நடுமூட்டு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு இதழ்களைப் புத்தகம்போல் விரித்து ஒட்டுவது வழக்கம். வளையக் கோடுகள் கண்ணாடிப் பிம்பமாகப் பொருந்தும். மின்னும் வரிகள் பொருந்தா. ஒரு நார் இடது இதழின் முகத்தை விட்டு வெளியே ஏறும் இடத்தில், அதன் தொடர்ச்சி வலது இதழில் உள்ளே இறங்குகிறது. இடது வெளிச்சமாக இருக்கும் உயரத்தில் வலது இருட்டாக இருக்கும். வரிகள் சீரான இடைவெளியில் இருந்தால், ஒட்டுவதற்கு முன் ஓர் இதழை நீளவாக்கில் அரை வரி, அதாவது மூன்று நான்கு மில்லிமீட்டர், நகர்த்தினால் வரியோடு வரி சேர்ந்து மூட்டைத் தாண்டி ஓடும். பலகையைச் சாய்க்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும்.