பெட்டியை விட்டுவிட்டு இறங்க ஏன் மனம் வருவதில்லை?

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்தில் வயிறு தேய விழுந்தது. உள்ளே 300 பேர். ஒரு பயணி எடுத்த வீடியோவில், புகைக்கு நடுவே பலர் மேல்தட்டைத் திறந்து பெட்டி இறக்குவது தெரிகிறது. எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். விமானம் நின்ற சுமார் 9 நிமிடத்தில் நடு எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைக்க வந்த வீரர் ஒருவர் அதில் இறந்தார்.

மன்னார்குடியிலும் கூத்தாநல்லூரிலும் பட்டுக்கோட்டையிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவே குறைவு. அந்த வீடியோவில் இருந்தது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். அதனால் பேராசை என்று திட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 44 இருக்கைக்கு மேல் உள்ள விமானம் அனுமதி வாங்க வேண்டுமென்றால், இருட்டில், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 நொடிக்குள் எல்லோரும் இறங்க முடியும் என்று காட்டியாக வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு 2006இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் 873 பேர் 8 கதவுகள் வழியே 78 நொடியில் இறங்கினார்கள். சராசரியாக ஒரு கதவில் 109 பேர். அதாவது, 5 நொடிக்கு 7 பேர். ஒருவர் பெட்டியை உருவ 5 நொடி நின்றால், பின்னால் 7 பேருடைய முறை தள்ளிப்போகிறது. சோதனையில் யாரும் பெட்டி தூக்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வாய்க்கால் மதகில் ஒரு கத்தைச் செத்தை சிக்கினால் போதும், மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் கீழ் வயலுக்குப் பாய்ச்சல் குறைந்துவிடும். விமானத்தின் நடைபாதையும் கதவும் அப்படித்தான். பெட்டி எடுத்தவர் தப்பித்துவிடுவார். அதன் விலையைக் கொடுப்பவர் கடைசி வரிசையில் இருப்பார். 1985இல் மான்செஸ்டரில் ஒரு விமானம் தரையை விட்டு எழும்பாமலேயே தீப்பிடித்தது. இறந்த 55 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது புகை. இருக்கையும் சுவர்ப்பலகையும் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வருகின்றன. சில மூச்சிலேயே ஆள் தடுமாறிப்போவார்.

கதவுக்கு வெளியே காற்றடைத்த சறுக்கு வேறு இருக்கிறது. அது பூச்சு பூசிய துணிதான். பெட்டியின் சக்கரமோ கூர்முனையோ கிழித்துவிட்டால், அந்தக் கதவே வீண். கையில் பெட்டியோடு சறுக்குபவர் கீழே இருப்பவர் மேல் போய் மோதுவதும் உண்டு.

சரி, தெரிந்தும் ஏன் எடுக்கிறார்கள்? விமானம் நின்றால் எழுந்து பெட்டியை எடுப்பது என்று ஒவ்வொரு பயணமும் கைக்குப் பழக்கிவைத்திருக்கிறது. பதற்றத்தில் மனம் புதிதாக யோசிப்பதில்லை, பழகியதைச் செய்கிறது. அப்புறம், வேலைக்குப் போகிறவரின் கைப்பையில் பாஸ்போர்ட், விசாத் தாள், கடன் வாங்கிச் சேர்த்த பணம் எல்லாம் இருக்கும். அது போனால் வேலையும் போகும் என்ற பயம் நியாயமானதுதான்.

ஆனால் பழக்கத்தை மீற முடியும். 2024 ஜனவரி 2 அன்று, திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்ட அதே நாளில், டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒரு சிறிய விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட்டன. அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால் பணியாளர்கள் மெகாபோனில் கத்தினார்கள். பெரும்பாலோர் பெட்டியை எடுக்காமலேயே கிளம்பினார்கள். அதிலிருந்த 379 பேரும் இறங்கிவிட்டார்கள். மோதிய கடலோரக் காவல்படை விமானத்தில் 5 பேர் இறந்தது தனித் துயரம்.

பையில் இருப்பதை உடம்புக்கு மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பது என் எண்ணம். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. எல்லாக் கோளாறும் அப்படி அவகாசம் தருவதில்லை. அதனால் ஏறி உட்கார்ந்ததுமே பாஸ்போர்ட்டையும் பணத்தையும் உள்பாக்கெட்டிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள், போனும் பாக்கெட்டில் இருக்கட்டும். விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள். முன்னும் பின்னும் அருகிலுள்ள கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிவையுங்கள். புகையில் கண் தெரியாதபோது இருக்கைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே கதவுக்குப் போகலாம்.