தைப்பூசத்துக்கு மறுநாள் வந்த கால்

செருப்பில்லாமல் காவடி எடுத்து நடந்தவருக்கு உள்ளங்கால் கொப்பளித்துப் போயிருந்தது. அதில் ஆச்சரியமில்லை. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், தைப்பூசம் நடுக்கோடையில் வரும். முற்பகலிலேயே தார்ச்சாலை தோசைக்கல்லாகக் காயும். ஆனால் அவருக்கு அது தெரியவே இல்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கியிருக்கிறார். காலையில் படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்த மகள்தான் பயந்துபோய் எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்.

தாத்தாவுக்கு 68 வயது. பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை. மருந்துச் சீட்டும் எங்களிடம்தான் வாங்குகிறார். அவருடைய கோப்பைப் புரட்டினேன். பி.பி. இருந்தது, சர்க்கரை அளவு இருந்தது, எடை இருந்தது. பாதப் பரிசோதனைக்கான கட்டம் மட்டும் மூன்று ஆண்டாகக் காலி. அந்தப் பக்கங்களில் இரண்டு இடத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

நான் நாகர்கோவிலில் நர்சிங் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தேன். பல ஆண்டுகளாக சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கிளினிக்கில் சிஸ்டராக இருக்கிறேன். கோயிலில் பார்க்கிறவர்கள் என்னிடம் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் கேட்பார்கள்: ஸ்பெஷலிஸ்ட் எப்போது வருவார், ஸ்கேனுக்கு எத்தனை மாதம் காத்திருக்கணும் என்று. உங்கள் தெருமுனைக் கிளினிக்கில் எத்தனை நர்ஸ் இருக்க வேண்டும், இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பாதத்தைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெருவிரல் நுனியிலும் உள்ளங்காலில் சில இடங்களிலும் இழை வளைகிற அளவுக்குத் தொட வேண்டும். வளையும்போது 10 கிராம் அழுத்தம். "தெரியுதா தாத்தா?" தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் நரம்பு மரத்துவிட்டது. அங்கே முள் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. அப்புறம் விரலிடுக்கில் வெடிப்பு, புண் இருக்கிறதா என்று பார்ப்பது, பாதத்தின் மேல் நாடி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது. நாலைந்து நிமிட வேலை. ஆயாக்கள், அதாவது பாட்டிமார்கள், தங்கள் வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டத்தான் அதைவிட அதிக நேரம் ஆகும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது செய்தே ஆக வேண்டும். இந்திய வம்சாவளி மக்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் எங்கள் பகுதிக்கு இது இன்னும் முக்கியம்.

ஏன் விட்டுப்போகிறது? நான்கு சிஸ்டர் இருக்கிற நாளில் ஆளுக்கு முப்பது பேரைப் பார்ப்போம். ஒருவர் லீவு, ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டார் என்றால் அது அறுபது. பி.பி.யை விட முடியாது, மருந்துச் சீட்டை விட முடியாது, இருமலோடு வந்தவருக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனையை விடவே கூடாது, குழந்தைக்குத் தடுப்பூசியை நாளைக்குத் தள்ள முடியாது. கடைசியில் மிஞ்சுவது கால்தான். யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து அதை விடுவதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

மூத்த சிஸ்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடத்துக்கு ஆள் போட நிதி இல்லை என்று பதவியை முடக்கி வைத்துவிடுகிறார்கள். படித்து முடித்த டாக்டர்களும் நர்ஸ்களும் வெளியே வேலை கேட்டு நிற்கிறார்கள். 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோலேடி நாடு முழுவதற்கும் 1,200 டாக்டர்களையும் 200 நர்ஸ்களையும் 250 மற்ற ஊழியர்களையும் எடுக்கப்போவதாக அறிவித்தார். டாக்டர்கள் வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அந்த 200 என்ற எண் எனக்கு உறுத்துகிறது. இந்த நாட்டில் கிளினிக்கை நடத்துவது நர்ஸ்கள். 2010லிருந்து எச்.ஐ.வி. மருந்தையே கிளினிக் நர்ஸ்கள்தான் ஆரம்பித்துக் கொடுக்கிறோம். இவ்வளவு பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் உலகில் வேறெங்கும் இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியதில் நர்ஸ்களின் பங்கு பெரிது.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2024ல் அரசுக்கு இன்சுலின் பேனா (அளவைத் திருகி வைத்துப் போட்டுக்கொள்வது) கொடுத்துவந்த நிறுவனம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பலரைப் பழையபடி குப்பிக்கும் ஊசிக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. கண் மங்கிய எழுபது வயது ஆயாவுக்கு ஊசியில் கோடு பார்த்து மருந்து இழுக்கச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியை யார் தருவது?

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். நாம் வாழும் இதே குவாசுலு-நடால் மாகாணத்தில், டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் போலேலா என்ற ஊரில், 1940ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். யாருக்கு என்ன நோய், என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் அரசு அமைத்த குளுக்மன் ஆணையம் நாடெங்கும் இப்படி 400 நிலையங்கள் வேண்டும் என்றது. 1948ல் வந்த இனவெறி அரசு அதை வாடவிட்டது. ஆரம்ப சுகாதாரம்தான் அடித்தளம் என்று 1978ல் அல்மா-ஆட்டாவில் உலகமே கூடிச் சொன்னது. அதை இங்கே எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள்.

இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் எங்கள் சி.சி.ஜி.க்கள், அதாவது வீடு வீடாகப் போகும் சமூக சுகாதார ஊழியர்கள். 2011ல் போட்ட திட்டப்படி ஒருவருக்குச் சுமார் 250 வீடு. எங்களிடம் இருக்கும் ஒரு ஸூலு அம்மா மேடும் பள்ளமுமான இந்தத் தெருக்களில் அதற்கு மேல் நடக்கிறார். "கால் காட்டுங்க ஆயா" என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார். ஒரு வீட்டில் ஆயா காலை வெந்நீரில் வைத்திருக்க, கணுக்கால் வரை சிவந்திருந்ததைப் பார்த்து, தன் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறார். வைக்க முடியாத சூடு. உடனே எனக்குப் போன் செய்தார். அந்தக் கால் தப்பியது. அவருடைய சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

2014ல் வந்த மருந்துப் பொட்டலத் திட்டமும் நல்லதுதான். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் அதிகாலை வரிசையில் நிற்காமல் பக்கத்து மருந்துக் கடையிலேயே பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கும் கூட்டம் குறைகிறது. ஆனால் அப்படி வாங்குகிறவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் நாங்கள் பார்க்கிறோம். அதனால்தான் அந்த ஒரு வருகையில் காலைப் பார்த்தாக வேண்டும். காவடி எடுத்த தாத்தாவும் பொட்டலம் வாங்குகிறவர்தான்.

1996லிருந்து கிளினிக் சிகிச்சை எல்லோருக்கும் இலவசம் என்பது தெரிந்த விஷயம். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, கிளினிக்குகளுக்குக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் கவுன்சிலர், கிளினிக் பொறுப்பாளர், அந்த ஊர் மக்கள் இருக்க வேண்டும். எங்கள் குழு பெயருக்குத்தான் இருந்தது. தாத்தா வந்துபோன பிறகு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து பேரிடம் பேசினேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் குழுவில் சேர்ந்தார். இரண்டு வாரம் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்களா என்று நோட்டில் எழுதினார். கடைசிக் கேள்விக்கு வரிசையாக "இல்லை, இல்லை" என்றிருந்தது. பார்க்க எனக்கு வலித்தது. ஆனால் அந்த நோட்டைக் கவுன்சிலர் மேசையில் வைத்தபோது, 'ஆள் பற்றவில்லை' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அது பலமாகப் பேசியது. இப்போது வேறு கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் செவ்வாயும் வியாழனும் வருகிறார். கால் மட்டும் பார்க்கிறார். காலிப் பதவி இன்னும் காலிதான். அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

தாத்தாவுக்கு இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் ஆறிவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, காவடி எடுப்பவர்களுக்குக் கால் பார்த்தோம். இழை தொடுவது தெரியாதவர்கள் சிலர் இருந்தார்கள். வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்கே நடந்து முடித்துவிடுங்கள் என்றேன். கோயில்காரர்கள் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று பூசாரி ஐயாவே முதல் நாள் மைக்கில் சொன்னார். தாத்தா நடக்கவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.